ஆன்லைனில் மனநல சமூகப் பணியாளரிடம் பேசுவது: ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இருந்து கடைசி செஷன் வரை

இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கூடுவதில்லை. ஆபீசில் ஒருவர் சொன்ன சொல் மூன்று நாளாக மண்டைக்குள் சுற்றுகிறது. பிள்ளை தண்ணீரைக் கொட்டினாலே கத்திவிடுகிறோம், கத்திய பிறகு அழுகை வருகிறது. இதற்கெல்லாம் மனநல மருத்துவரிடம் போவதா, போனால் மாத்திரை கொடுத்துவிடுவாரோ என்ற யோசனையிலேயே பலருக்கு வருஷம் ஓடிவிடுகிறது. இந்த அளவிலான சிக்கல்களுக்கு மனநல சமூகப் பணியாளர் பொருத்தமானவர். மருத்துவமனைகளில் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் என்பார்கள், அமெரிக்காவில் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்.

யார் இவர்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் சிகிச்சையும் செய்வார், மருந்து எழுதமாட்டார். மனநல சமூகப் பணியாளரும் மருந்து எழுதமாட்டார். ஆனால் அவர் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும். "சாயங்காலம் 7 மணியானா நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றால், 7 மணிக்கு வீட்டில் யார் யார் இருப்பார்கள், கடன்காரர் எத்தனை மணிக்குப் போன் செய்வார், சமையல் யார் பொறுப்பு, அம்மாவுக்கு மருந்து கொடுப்பது யார் என்று போவார். ஆளை மட்டும் பார்க்காமல், ஆளோடு சேர்த்து வீடு, வேலை, பணம், உறவு எல்லாவற்றையும் பார்ப்பது இந்தத் தொழிலின் அடிப்படைப் பயிற்சி. நம் ஊர்க் கவலைகளில் பாதி வீட்டுக் கூடத்தில்தான் பிறக்கின்றன என்பதால் இந்தப் பார்வை இங்கே நன்றாக வேலை செய்யும்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவருக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., அதற்குள் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி. "எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டார்களே" என்று கேட்கலாம். பொதுவாக நிறுத்தியது உண்மைதான். இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியல் எம்.ஃபில்.லுக்கும் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது.

ஆளைச் சரிபார்ப்பது

இணையத்தில் 'கவுன்சலர்' என்று போட்டுக்கொள்ள இன்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அதே பெயரில்தான் இருப்பார். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) என்ற மூன்று எழுத்தைப் பார்த்தும் ஏமாந்துவிட வேண்டாம். அதில் மனிதவளம் எடுத்துப் படித்தவர்கள் உண்டு, சமுதாய மேம்பாடு எடுத்தவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியவர் மருத்துவ, மனநலப் பிரிவில் படித்தவர். முன்பதிவு செய்யும்முன் நாலு கேள்வி கேளுங்கள்: எம்.எஸ்.டபிள்யூ.வில் என்ன பிரிவு, எம்.ஃபில். உண்டா, எந்த மருத்துவமனையில் எவ்வளவு காலம் பயிற்சி, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறாரா. முறையாகப் படித்தவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டார், சொல்லப்போனால் கேட்டதற்குச் சந்தோஷப்படுவார். மழுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள்.

முதல் நாளே 20 செஷனுக்கு முன்பணம் கேட்பவர், "ஆறே வாரத்தில் குணம்" என்பவர், மாத்திரைப் பெயர் சொல்பவர், ஜாதகத்தையும் சேர்த்துப் பார்ப்பவர், இன்னொரு கிளையன்ட்டின் கதையைப் பெயரில்லாமல்கூட விலாவாரியாகச் சொல்பவர் ஆகியோரிடம் இருந்து உடனே விலகலாம். கடைசி ஆள்தான் இருப்பதிலேயே ஆபத்து. உங்கள் கதையும் நாளை அப்படித்தான் வெளியே போகும்.

பணம் தடையாக இருந்தால் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வாராவாரம் ஒரே ஆளிடம் தொடர்ந்து பேசும் சிகிச்சைக்கு அது முழு மாற்று ஆகாது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவருக்கு நல்ல முதல் படி. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சமூகப் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான உரிமம் மாநில வாரியானது. நீங்கள் செஷன் நேரத்தில் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அந்த மாநிலத்தின் அனுமதி சிகிச்சையாளருக்கு இருக்க வேண்டும் என்பதே அங்கே பொது விதி. நியூஜெர்சியில் தொடங்கிவிட்டு புராஜெக்ட் மாறி டெக்சாஸ் போனால் பாதியில் நின்றுபோகலாம். விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஒரு மாதத்துக்கும் இதே கேள்வி எழும். இடமாற்றம் தெரிந்தவுடனே சொல்லிவிடுங்கள், மாற்று ஏற்பாட்டுக்கு அவருக்கு அவகாசம் கிடைக்கும். உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை அந்தந்த மாநில உரிம வாரியத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அறை

ஆன்லைன் கவுன்சலிங் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இரண்டு அறை வீட்டில், கதவுக்கு வெளியே மாமியார் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? குரல் தன்னால் தணியும், விஷயம் தன்னால் சுருங்கும், 50 நிமிடமும் வானிலை அறிக்கை போல முடிந்துபோகும்.

கதவுக்கு உள்ளே அமைதி போதாது, வெளியே சத்தம் வேண்டும். கதவுக்கு வெளிப்புறம் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிடுங்கள், அல்லது ரேடியோவைப் பாட வையுங்கள். உள்ளே பேசுவது வெளியே சொல் சொல்லாகப் புரியாது. நிறுத்தி வைத்த கார் மிக நல்ல இடம், ஓட்டிக்கொண்டே மட்டும் பேசக் கூடாது. மொட்டை மாடியில் காற்றுச் சத்தம் மைக்கில் ஏறும், பக்கத்து மாடிக்கும் கேட்கும். வீட்டில் எல்லோரும் வெளியே போகும் நேரம் எது என்று பார்த்து, அந்த நேரத்தையே கேட்டு வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. காலை 10 மணி செஷனில் பேசும் அளவு இரவு 9 மணி செஷனில் பலர் பேசுவதில்லை.

ஒயர் உள்ள இயர்போனே போதும். புளூடூத்தில் ஒரு வில்லங்கம் உண்டு: ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரோடு போன் ஏற்கெனவே பழகியிருந்தால், நடுவில் அதிலே போய் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு விபத்துக்குப் பிறகு பலர் சிகிச்சைக்கே திரும்புவதில்லை. போனைக் கையில் பிடிக்காமல், கண் உயரத்துக்கு நாலு புத்தகம் அடுக்கி ஒரு சொம்பில் சாய்த்து வையுங்கள். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும், உங்கள் முகபாவம் அவருக்குக் கிடைக்காது. வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை இழுக்கும். சாதாரண அழைப்பு வந்தால் சில போன்களில் வீடியோ நின்றுபோகும். முன்னாடியே 'தொந்தரவு செய்யாதே' அமைப்பைப் போட்டுவிடுங்கள். சிக்னல் தடுமாறினால் வீடியோவோடு மல்லுக்கட்டாமல் குரல் அழைப்புக்கு மாறிவிடலாம். முகம் தெரியாதபோது மனம் திறப்பவர்களும் இருக்கிறார்கள்.

ரகசியம் காப்பதில் யாரும் யோசிக்காத ஓட்டை, பணம் கட்டும் இடம். கூட்டுக் கணக்கில் இருந்து அனுப்பினால் வங்கி எஸ்.எம்.எஸ். வீட்டுக்காரரின் போனுக்கும் போகலாம். வாட்ஸ்அப் வீட்டு லேப்டாப்பில் திறந்தே கிடக்கலாம். லாக் திரையில் செய்தியின் முதல் வரி தெரியலாம். முதல் செஷனுக்கு முன்பே இந்த மூன்றையும் சரி செய்யுங்கள். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தையும் பேசி வையுங்கள். "ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்பிடறேன்" என்றால் பேச்சை மாற்ற வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

முதல் செஷன்

பொதுவாக 60 முதல் 90 நிமிடம். அடுத்தவை 45 முதல் 50. தொடக்கத்தில் ஒப்புதல் படிவம் வரும். அதில் நாலு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: செஷனை இரு தரப்பும் பதிவு செய்யக் கூடாது என்பது, ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்பது, இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்பது, ரகசியம் எப்போது உடையும் என்பது. கடைசியை வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், நீதிமன்றம் கேட்டாலும் வெளியே சொல்ல வேண்டி வரலாம். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-இன் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். "எதுவுமே வெளியே போகாது" என்று அடித்துச் சொல்பவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று பொருள்.

நீங்கள் இப்போது எந்த ஊரில், எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்றும் கேட்பார். ஒவ்வொரு செஷனிலும் கேட்பவர் இருந்தால் நல்ல பயிற்சி பெற்றவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் இருக்கும் சிகிச்சையாளர் 108-ஐ அழுத்தினால் தமிழ்நாட்டு மையத்துக்குத்தான் போகும். நீங்கள் பெங்களூரில் இருந்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

பிறகு ஒரு வினாத்தாள் தரலாம். பி.எச்.க்யூ-9 என்பது மனச்சோர்வுக்கு: ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரம், மதிப்பெண் 0 முதல் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனமாகப் பார்க்க வேண்டிய அளவு. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7: ஏழு கேள்வி, 0 முதல் 21. இது தேர்வு இல்லை, நல்ல மார்க் வாங்க வேண்டியதில்லை. பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. பயந்து அதில் பூஜ்யம் போட்டுவிட்டால், நீங்கள் உண்மையான ஆபத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

முந்தைய நாள் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். சிக்கல் எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், அதனால் எந்த வேலை நின்றுபோகிறது, யாருக்குத் தெரியும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். தைராய்டுக் கோளாறும் ரத்த சோகையும் அசதியைத் தந்து மனச்சோர்வு போலவே காட்டும். ரத்தப் பரிசோதனை செய்து ரொம்ப நாளாகிவிட்டது என்றால் அதையும் சொல்லுங்கள்.

"எனக்கு டிப்ரஷன்" என்று தொடங்காமல், கடைசியாக நடந்த ஒன்றைச் சொல்வது நல்லது. "நேத்து ராத்திரி 11 மணிக்கு அண்ணன் போன் பண்ணான், பேசி முடிச்சதும் வயித்தக் கலக்கிடுச்சு, 3 மணி வரைக்கும் தூங்கல" என்ற ஒற்றை வாக்கியத்தில் ஆள், நேரம், உடம்பு, விளைவு எல்லாம் வந்துவிடுகிறது. மனசுக்குச் சொல் கிடைக்காவிட்டால் உடம்பைச் சொல்லுங்கள். தலை பாரம், நெஞ்சடைப்பு, தொண்டையில் ஏதோ உருள்வது போல இருப்பது, எல்லாமே அவருக்குப் பயன்படும்.

உறவு வரைபடம்

சமூகப் பணியாளர்கள் அதிகம் கையாளும் கருவி இது. இக்கோமேப் என்பார்கள். அமெரிக்க சமூகப் பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கினார். வெள்ளைத் தாளின் நடுவே ஒரு வட்டம், அது நீங்களும் உங்கள் வீடும். சுற்றிலும் சின்ன வட்டங்கள்: அம்மா வீடு, மாமியார் வீடு, ஆபீஸ், பிள்ளையின் பள்ளி, சீட்டுக் கட்டும் இடம், கோயில், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு. பலமான உறவுக்குத் தடித்த கோடு, நூலிழை உறவுக்குப் புள்ளிக் கோடு, உரசல் உள்ள உறவுக்கு நெளி கோடு. பிறகு அம்புக்குறி: பணமும் உழைப்பும் ஆறுதலும் எந்தப் பக்கம் போகின்றன? போனின் பின்பக்கக் கேமராவில் காட்டினால் உங்கள் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரியாது.

பலருக்கு இந்தத் தாளில் அம்புக்குறிகள் எல்லாமே வெளியே போவதாக இருக்கும். உள்ளே வரும் ஒன்றே ஒன்று கல்லூரித் தோழியாக இருக்கும், அவளோடு பேசி எட்டு மாதம் ஆகியிருக்கும். அடுத்த வார வேலை அங்கேயே கிடைத்துவிட்டது.

'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயத்துக்கும் இதையே பயன்படுத்தலாம். அந்த நாலு பேர் யார் என்று பெயர் எழுதச் சொல்வார். பெரும்பாலும் இரண்டு பெயருக்கு மேல் வராது. அதில் ஒருவரைப் பார்த்தே வருஷம் இரண்டு ஆகியிருக்கும்.

இடைப்பட்ட ஆறு நாள்

வாரம் ஒரு மணி நேரம் பேசுவதால் மட்டும் எதுவும் மாறாது. இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "சந்தோஷமா இருக்கணும்" என்பதை வைத்து வேலை செய்ய முடியாது. "வாரத்தில் ஐந்து நாள் பிள்ளையிடம் கத்தாமல் ஹோம்வொர்க் முடிப்பது" என்பதை வைத்து முடியும்.

கவலை ஓயாதவருக்குக் கவலை நேரம் என்று ஒரு பயிற்சி தருவார். தினம் ஒரே நேரத்தில் 15 அல்லது 20 நிமிடம், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கவலைகளை எழுதுவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுவது. படுக்கைக்கு முன் வைத்தால் எதிர்விளைவுதான், மாலை 5 அல்லது 6 மணி சரியாக இருக்கும். தூக்கத்துக்கு: சுமார் 20 நிமிடம் புரண்டும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. எதிலும் மனம் ஒட்டாதவருக்கு, மனம் வரும்வரை காத்திராமல் 10 நிமிட வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்வது. வேலை முதலில், மனசு பின்னால் வரும் என்பதுதான் அதன் அடிப்படை.

'முடியாது' என்று சொல்லும் பயிற்சி நம்மவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது. சித்தப்பா மகன் மூன்றாவது தடவையாகக் கடன் கேட்கிறார் என்று வையுங்கள். "இந்த மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்" என்று காரணம் சொன்னால், "ஃபீஸை அடுத்த மாசம் கட்டிக்கலாமே" என்று பதில் வரும். காரணம் ஒவ்வொன்றும் பேரத்துக்கு ஒரு கதவு. "இல்ல தம்பி, என்னால முடியாது. நீ நல்லா இருக்கியா, சித்தி எப்படி இருக்காங்க?" என்று முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவதைத் திரையிலேயே நடித்துப் பார்க்கலாம். அவர் தம்பியாகப் பேசுவார், நீங்கள் மறுக்க வேண்டும். மூன்று தடவை ஒத்திகை பார்த்தால் குரல் நடுக்கம் குறையும்.

எங்கே கெட்டுப்போகிறது

"சரிங்க மேடம்." இந்த இரண்டு சொல்தான் முதல் எதிரி. பெரியவர், படித்தவர் சொன்னால் மறுக்கக் கூடாது என்ற வளர்ப்பு நமக்கு. அவர் ஒரு யோசனை சொல்கிறார், நம் வீட்டில் அது நடக்காது என்று நமக்குத் தெரியும், ஆனாலும் தலையாட்டுகிறோம். அடுத்த வாரம் செய்யவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு செஷனையே ரத்து செய்கிறோம். "இது எங்க வீட்ல நடக்காதுங்க, மாமனார் 8 மணிக்கே சாப்பிட்டுடுவார்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு வேண்டியதே அந்தத் தகவல்தான். செய்யாமல் போனாலும் செஷனுக்கு வாருங்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதில்தான் பல நேரம் விஷயமே இருக்கும்.

வாரச் செய்தி வாசிப்பதில் 40 நிமிடம் போய்விடுவது இன்னொன்று. முதல் இரண்டு நிமிடத்திலேயே "இன்னைக்கு இதைப் பத்திப் பேசணும்" என்று ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பெரிய விஷயத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் எடுக்காதீர்கள். திறந்த புண்ணோடு நேராக ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்கார வேண்டி வரும். செஷனுக்குப் பிறகு 15 நிமிடமாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத் தாமதத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், அவர் மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். அழுகை வந்தால் கேமராவை அணைத்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

குடும்பத்தாரைச் சேர்த்துப் பேசலாமா என்று சமூகப் பணியாளர் கேட்கக்கூடும். அது அவர் பலங்களில் ஒன்று, ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லவே கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வீட்டுக்காரரோ பெற்றோரோ அவரை அழைத்து விசாரித்தால் அவர் என்ன செய்வார் என்பதையும் முதல் வாரமே கேட்டு வைக்கலாம்.

நாலு முதல் ஆறு செஷன் முடிந்தும் துளி மாற்றமும் இல்லை என்றால் சொல்லாமல் நின்றுவிட வேண்டாம். அதையே ஒரு செஷனின் பொருளாக வையுங்கள். முறை மாறலாம், மனநல மருத்துவரிடம் அனுப்பலாம், வேறு ஆளைக் கைகாட்டலாம்.

திரை போதாத நேரங்கள்

உயிரை விடும் எண்ணம் திட்டமாக மாறியிருந்தால், இல்லாத குரல் கேட்டால், பல நாளாகச் சோறும் தூக்கமும் இல்லையென்றால் அடுத்த வார செஷனுக்குக் காத்திருக்கக் கூடாது. 14416 அல்லது சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050, உடனடி ஆபத்தில் 108 அல்லது 112. தினமும் குடிப்பவர் வீராப்பில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், அதற்கு மருத்துவமனை வேண்டும். அடிக்கும் ஆள் அதே வீட்டில் இருந்து போனையும் நோட்டமிடுகிறார் என்றால் வீட்டில் இருந்து ஆன்லைனில் பேசுவதே ஆபத்து. வெளியே போகும் இடத்தில் இன்னொருவர் போனில் இருந்து பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைக்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தற்கொலை எண்ணம் போன்ற மனநல நெருக்கடிக்கான எண் 988.

முடிப்பது

அன்றாடச் சிக்கல்களுக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 செஷன் போதும். மூன்றாவது வாரம் கொஞ்சம் லேசானதும் நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. பேசித் தீர்ந்த இலேசு அது, பழக்கம் இன்னும் மாறியிருக்காது. வாராந்திரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியைக் கூட்டுங்கள். கடைசிக்கு முந்தைய செஷனில் ஒரு தாள் எழுதுங்கள்: மறுபடி சரிகிறோம் என்பதற்கான உங்கள் மூன்று அடையாளங்கள். ஒருவருக்கு அது தோழியின் போனை எடுக்காமல் விடுவது, இன்னொருவருக்கு இரவு 2 மணி விழிப்பு தொடர்ந்து ஐந்து நாள் வருவது. கீழே, அப்போது யாரை அழைப்பது, எந்தப் பயிற்சியை மீண்டும் தொடங்குவது. அந்தத் தாளைப் போனில் படமெடுத்து, சிகிச்சையாளருக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, மூலத்தை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.